பாலமுனையில் மூண்டாவது கை

யூன் 10, திங்கள்

கச்சான் காத்து. விடியவே வாயெல்லாம் மணல். கொழும்பில இருந்து அம்மைப்பால் வந்து சேர்ந்தது, கண்டுக்குட்டியில எடுக்கிற அம்மைத் தடுப்பு மருந்து, கண்ணாடிக் குழாயில, பஞ்சில சுத்தி. பஸ் டிறைவர் அதை என்ஜினுக்குப் பக்கத்தில வச்சுக் கொண்டுவந்திருக்கான். சூட்டில பால் செத்துப்போகும் எண்டு எத்தினை தரம் சொல்லியாச்சு. "பால்தானே ஐயா, சூடாக் கிடந்தா நல்லதுதானே" எண்டு பல்லைக் காட்டுறான். மடையன்.

பானையில ஈரமணல் போட்டுக் குழாயெல்லாம் புதைச்சன். மணிக்கொருக்கா எஸ்தர் தண்ணி தெளிக்கிறா. "இந்தக் கண்டுக்குட்டிப் பாலுக்குப் பாக்கிற பக்குவம் கட்டின பெண்சாதிக்கு ஒருநாள் பார்த்திருப்பீங்களா?" எண்டு கேள்வி. ஞாயமான கேள்விதான். வெளியால வந்திட்டன்.

வைசூரி தெற்கால வந்திட்டுது. கோமாரியில நோய் வந்த வீட்டை அடைச்சிருக்காம். நாளைக்கு என்னைப் பாலமுனைக்குப் போகச் சொல்லிக் சுகாதாரக் கந்தோரில உத்தரவு. பதினாறு வருசம், சனத்திட கையில ஊசியால அம்மைப்பால் கட்டுற இந்த வேலை. சனத்துக்கு என்ட பேர் அயத்து மறந்தே போச்சு. "பால்கட்டி வாறான், ஒளிங்க" எண்டாத்தான் நான் ஆரெண்டு தெரியும்.

பள்ளிவாசல்ல வாசிக்கச் சொல்லி எழுதின கடதாசி. படி ஒண்டு இஞ்ச கிடக்கட்டும்:

– கைக்குழந்தையில இருந்து பாயில கிடக்கிறவர் வரை எல்லாரும் கட்டிக்க வேணும். முந்திக் கட்டினவங்களும்.
– இடது கை. சோறு தின்னுற கையில கட்டினா நோவோட சோறு பிசைய ஏலாது.
– கட்டின இடத்தில மூண்டு நாள் தண்ணி படப்படாது. சுண்ணாம்பு, சாம்பல், மஞ்சள், பரியாரி எண்ணெய் ஒண்டும் பூசப்படாது. (போன முறை ஒருத்தர் கருவாட்டுத் தண்ணி பூசினவர். கேட்டா "குளிர்ச்சி"யாம்.)
– மூண்டாம் நாள் சிவக்கும். அஞ்சாம் நாள் பொக்குளம். காய்ச்சல் வரும், போகும். அது நல்லதுக்குத்தான்.
– சொறியப்படாது.
– எட்டாம் நாள் வருவன். கையைக் காட்ட வேணும். பொக்குளம் இல்லாட்டி திரும்பக் கட்டுவன்.
– காய்ச்சல்காரரை வீட்டுக்க ஒளிக்கப்படாது.

கடைசி வரிக்குக் கீழ ரெண்டு கோடு.

பெம்பிளையளுக்கு ஒரு நேர்ஸ் அனுப்புங்கோ எண்டு கந்தோருக்கு எழுதினது இதோட மூண்டு தரம். "ஆள் இல்லை." அப்ப வழமைபோல திரைதான்.

யூன் 11, செவ்வாய்

சைக்கிள்ல பாலமுனை. காத்து எதிர்த்து அடிச்சு உயிர் போச்சு. பள்ளிவாசல் முன்னுக்கு ஆம்பிளையள் வரிசை. ஜும்ஆப் பிரசங்கம் செய்யிற கதீபு கடதாசியை வாசிச்சார், நல்ல குரல், நான் எழுதினதுதானா எண்டு எனக்கே சந்தேகம். "கண்டுக்குட்டிர வயித்தில எடுக்கிறதாம், பண்டியில இல்ல, எல்லாரும் கேட்டுக்கங்க" எண்டு ரெண்டு தரம் அழுத்திச் சொன்னார். பெரிய உபகாரம். கரைவலை இழுக்கிற ஒராள், தூண் கணக்கா உடம்பு, ஊசியைக் கண்டதும் கண்ணைச் சொருகி விழுந்தான். அதோட சனம் சிரிச்சுப் பயம் தெளிஞ்சிட்டுது.

பகல் சாஞ்ச பிறகு வீட்டு வழிய. வாசலில பழைய சீலை ஒண்டைத் திரையாக் கட்டியிருப்பாங்க. நான் இஞ்சால வாங்கில. பேர் வாசிப்பன். திரைக்கு அங்கால இருந்து ஒரு கை வரும். துடைச்சு, ஒரு சொட்டு விட்டு, ஊசியை வச்சுத் திருப்புவன். கை உள்ள போகும். அடுத்த பேர், அடுத்த கை. முகம் இல்லை, அநேகமாக் குரலும் இல்லை. நாலு வீடு போனா எனக்கே ஒரு மாதிரி வந்திரும். ஊரில ஆளே இல்லாம கைகள் மட்டும் குடியிருக்கிறது மாதிரி.

ஒவ்வொரு வீட்டிலயும் ஒரே சண்டை: "இடது கை, இடது கை." பெரிய மனிசருக்கு இடது கை நீட்டுறது மரியாதை இல்லையாம். வலதுதான் முதல்ல வரும். தொண்டை வறண்டு போச்சு.

கடைசியா மீராலெவ்வைச் சம்மாட்டியார் வீடு. கரைவலைச் சொந்தக்காரர், வலையோட கடற்கரையில நிண்டார். பள்ளிவாசல்ல தானும் மூத்த மருமகனும் கட்டிப்போட்டினம். வீட்டில மூண்டு பேர் எண்டு புத்தகத்தில: பெண்சாதி சுலைஹா, மூத்த மகள் ஹாஜறா, இளைய மகள் றாபியா. இளையவளுக்கு இந்த மாசக் கடைசியில கலியாணம், மாப்பிள்ளை சாய்ந்தமருது.

சுலைஹா உம்மாட கை வந்தது. முடிஞ்சது. ஹாஜறாட கை வந்தது. அது உள்ள போக முந்தியே திரைக்கு மற்றப்பக்கத்தால இன்னொரு கை. ரெண்டு கையும் ஒரு கணம் ஒண்டாத் தொங்கின.  "றாபியாவா?" எண்டன். "ஓம் ஐயா" எண்டு மெல்லிய குரல். கட்டினன். ஊசி திருப்பேக்க அந்தக் கை ஒரு துளி அசையல. முதல் தரம் ஊசி படுற கை அப்பிடி இருக்காது. துடிக்கும், இழுக்கும்.

இன்னொண்டு. அந்த நேரம் வீட்டுப் பின்பக்கம் அம்மியில ஆரோ அரைக்கிற சத்தம். மருதோன்றி வாசம் வந்தது. "ஆர் பின்னுக்கு?" எண்டு கேட்டன். "ஒருத்தருமில்ல" எண்டா சுலைஹா உம்மா. சத்தம் டக்கெண்டு நிண்டுது.

மூண்டு பேர் எண்டு எழுதிப்போட்டு வந்தன். காத்தில என்னமோ சரியில்ல. சைக்கிள் ரியூபிலயும் காத்து இல்லை, உருட்டிக்கொண்டு வந்தன்.

யூன் 12, புதன்

ஒலுவில். நாள் முழுக்கக் கை. ஒரு கைக்குழந்தை என்ட மீசையைப் பிடிச்சிட்டு விடமாட்டேன் எண்டது. பால் செத்ததா இருக்கிதா எண்டு யோசினை.

அந்த மூண்டாவது கை கண்ணுக்க நிக்குது. ஏன் எண்டு விளங்கல. கை மாதிரித்தான் இருந்தது. ஆனா ஏதோ ஒண்டு மாறிக் கிடந்தது, கண்ணாடியில பாக்கிற கை மாதிரி.

யூன் 14, வெள்ளி

மழை வாறது மாதிரி வந்து போச்சு. கந்தோர். சுகாதார இன்ஸ்பெக்டர் எரிஞ்சு விழுந்தார், குடிச்ச தேத்தண்ணியில சீனி இல்லையாம், அதுக்கு நான் என்ன செய்ய. சாய்ந்தமருதுப் பக்கம் காய்ச்சல் எண்டு ஒரு கதை. ஆரும் சரியாச் சொல்றாங்க இல்லை.

சவர்க்காரம், சைக்கிள் ரியூப், எஸ்தருக்கு நூல்கட்டை வாங்க வேணும். அயத்திட்டன்.

யூன் 16, ஞாயிறு

வேதக்கோயிலால வந்து சாப்பிட்டன். இறால். நல்லா இருந்தது எண்டு சொன்னன், எஸ்தர் மயங்கி விழப் பார்த்தா.

சாப்பிட்டு முடிய மறுகா ஒரு யோசினை. குசினிக் கதவுச் சீலைக்கு அங்கால அவவை நிக்கச் சொன்னன். "ஒரு கையை நீட்டும்." "என்ன விசரா உங்களுக்கு?" "நீட்டுமன்." சிரிச்சுக்கொண்டு இடது கையை நீட்டினா. சரி. "மற்றதை நீட்டும், மற்றப் பக்கத்தால." நீட்டினா.

பெருவிரல்.

அண்டைக்கு மூண்டாவது கையில பெருவிரல் கிடந்த பக்கம் அதுதான். வலது கை. முழங்கையில பிடிச்சு ஊசி திருப்பினவன் நான், அதைக் காணல. இடது கை, இடது கை எண்டு நாள் முழுக்கக் கத்திப்போட்டு, வலது கையில கட்டியிருக்கிறன். 

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" எண்டா எஸ்தர். சீலையில ரெண்டு கையும் இன்னும் தொங்குது. ஒராளிட ரெண்டு கை. எடும் எண்டு சத்தம் போட்டிட்டன். பாவம், பயந்திட்டா.

மரியாதைக்கு வலதை நீட்டியிருப்பா எண்டு எனக்கு நானே சொல்லிப் பாக்கிறன். ஆனா ரெண்டு பேர் நிண்ட இடத்தில மூண்டு கை வந்தது மாதிரியே மனசு சொல்லுது. எட்டாம் நாள் தெரியும்.

யூன் 18, செவ்வாய்

பாலமுனை. எட்டாம் நாள். பால் சாகல, தேவனுக்குத் தோத்திரம். அநேகமா எல்லாக் கையிலயும் பால் பிடிச்சு எடுத்திருக்கு. அழகான பொக்குளம், நடுவில குழி. ஒரு கிழவர் "என்டது வடிவா, இவண்ட வடிவா?" எண்டு பக்கத்து ஆளோட போட்டி.

சம்மாட்டியார் வீட்டை வேணுமெண்டு கடைசிக்கு வச்சன்.

சுலைஹா: எடுத்தது. ஹாஜறா: இடது கை, எடுத்தது. றாபியா எண்டன். வலது கை வந்தது. அதிலயும் பொக்குளம். ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி நகம், ஒரே நிறம், ஒரே ஆளிட கை எண்டு ஆரும் சொல்லுவாங்க.

"இடது கையைக் காட்டுங்க, பிள்ளை" எண்டன்.

திரை அசையல. அங்கால மூச்சுச் சத்தம். இருந்து எண்ணினன், ரெண்டு பேரிட மூச்சு. பின்னுக்கு அம்மிச் சத்தம் இல்லை இண்டைக்கு. ஆரோ சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிற மாதிரி ஒரு அமைதி.

"றாபியா எங்க?"

"உள்ள இரிக்கா" எண்டா தாய்.

"அப்ப இது ஆரிட கை?"

 பிறகு ஹாஜறா. முதல் தரமாக் குரல் முழுசாக் கேட்டன், என்ட மகள் வயதுக் குரல். "என்ட கைதான் ஐயா. கோவிக்காதீங்க. கலியாணக் காவின் எழுதுற வரைக்கும் அவட கையில வேற ஆம்பிளைட கை படப்படாது எண்டு மாப்பிளை ஊட்டார் சொல்லியனுப்பினாங்க. உங்களத் திருப்பி அனுப்பினா எழுதிக் குடுப்பீங்க, பொலிசு வரும் எண்டு வாப்பா பயந்தார். எனக்குத்தான் ரெண்டு கை இரிக்கே எண்டு நான்தான் நீட்டினன்."

எனக்கு வந்த கோவம்! "கட்டினது உனக்குப் பிள்ளை, ரெண்டு தரம். அவளுக்கு ஒண்டும் இல்லை. விளங்குதா?" எண்டு கத்திப்போட்டன். அங்கால விம்மல் சத்தம். 

சம்மாட்டியாரைக் கடற்கரையில இருந்து கூப்பிடுவிச்சன். ஈரச் சாரத்தோட ஓடி வந்தார். என்ட கையைப் பிடிச்சிட்டார். "பன்னெண்டு நாள் ஐயா. காவின் முடிஞ்ச அடுத்த நாள் நானே உங்கட கந்தோருக்குக் கூட்டி வாறன். இந்தச் சம்பந்தம் முறிஞ்சா என்ட புள்ளைய ஆர் எடுப்பான்? நீங்களும் புள்ள பெத்தவர்தானே."

எழுதினன். றாபியா: எடுத்தது.

ஏன் எழுதினன்? அவரில இரக்கம், ஓம். ஆனா அது மட்டும் இல்லை. வலது கையில கட்டினதை நானே புத்தகத்தில சரி எண்டு போட்டவன், அதை இன்ஸ்பெக்டர் காணப்படாது எண்டும்தான். உள்ளதைச் சொன்னா அதுதான் கூட.

வெளிக்கிடேக்க கிறுகித் திரும்பிப் பார்த்தன். பக்கத்து ஜன்னல்ல ஒரு கை, இடது, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு. நகத்தில மருதோன்றி. கையில ஒரு அடையாளமும் இல்லை. நான் பாக்கிறன் எண்டு தெரிஞ்சும் அது உள்ள போகல.

யூன் 20, வியாழன்

அட்டாளைச்சேனை. வெயில். ஒரு குழாய் உடைஞ்சது.

புத்தகத்தில அந்தப் பக்கத்தைத் திறக்க மனமில்லை. பன்னெண்டு நாள். பத்து நாள். என்ன வரப்போகுது பத்து நாளைக்குள்ள எண்டு சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதிச்சன்.

யூன் 23, ஞாயிறு

கோயில்ல ஜெபம் ஓடல. வெளியால வர இன்ஸ்பெக்டர் நிக்கிறார், ஞாயிற்றுக்கிழமையில! சாய்ந்தமருதுல வைசூரி. ஒரு பெம்பிளை, பத்து நாளைக்கு மேல வீட்டுக்க ஒளிச்சு வச்சிருந்திருக்காங்க. வீட்டை அடைச்சாச்சு. அந்த வீட்டு ஆக்கள் அந்தக் கிழமை எங்கெங்க போனவங்க எண்டு விசாரிச்சு எடுத்த கடதாசியைத் தந்தார்.

வாசிச்சன். "பாலமுனை. காய்ச்சல்காரிட தம்பிக்குப் பேசின பெண் வீடு. கூறைச்சீலை கொண்டு போனது. 12ஆம் திகதி. மணப்பெண்ணுக்குத் தன்ட கையால உடுத்திப் பார்த்தது."

நான் கட்டிப்போட்டு வந்த அடுத்த நாள்.

"அந்த வீட்டுக்குக் கட்டியாச்சுத்தானே?" எண்டு கேட்டார் இன்ஸ்பெக்டர். "புத்தகத்தில எல்லாம் எடுத்தது எண்டு கிடக்கு."

"ஓம்" எண்டன். கடவுளே, "ஓம்" எண்டன்.

யூன் 24, திங்கள்

வெள்ளன வெளிக்கிட்டு ஏழு மணிக்கு முதல் பாலமுனை. சம்மாட்டியாருக்கு ஆக்கள் சாய்ந்தமருதுக் கதையை முந்தியே சொல்லிப்போட்டாங்க. படலையில நிண்டார். கலியாணம் எண்ட பேச்சே எடுக்கல. "வாங்க ஐயா, கெதியா" எண்டு மட்டும்.

அதே திரை. அதே வாங்கு. பேர் வாசிக்கத் தேவையில்லை, எண்டாலும் வாசிச்சன். வாசிக்காட்டி கை வராது எண்டு ஒரு பழக்கம்.

இடது கை வந்தது. அடையாளம் இல்லாத கை. மருதோன்றி. மெலிஞ்ச கை, பதினேழு வயசு. "நோகுமா ஐயா?" எண்டு கேட்டாள். றாபியாட குரல். முதல் தரம்.

"நோகாது மகள். எறும்பு கடிச்ச மாதிரி" எண்டு சொல்லிக்கொண்டு பிடிச்சன்.

சுட்டுது. அடுப்படிச் சட்டி மாதிரிச் சுட்டுது அந்தக் கை.

துடைச்சன். பால் விட்டன். ஊசி திருப்பினன். பிந்திப்போச்சு எண்டு எனக்குத் தெரியும். திரைக்கு அங்கால நிண்ட ஹாஜறாவுக்கும் தெரியும், மூச்சில விளங்குது. அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது. "எட்டாம் நாள் பாக்க வருவீங்களா?" எண்டு கேட்டாள். வருவன் எண்டன்.

திரும்பி வரேக்க, தென்னைக்குக் கீழ சைக்கிளை நிப்பாட்டினன். அப்பதான் அந்த யோசினை வந்தது. ஊசியைத் திரைக்கு அங்கால குடுத்திருக்கலாம். ஹாஜறாவுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா அவள் திருப்பியிருப்பாள், தங்கச்சிட கையில ஒரு ஆம்பிளைட விரல் படாம. 11ஆம் திகதியும் செய்திருக்கலாம், 18ஆம் திகதியும் செய்திருக்கலாம். ஊசியைக் கையை விட்டுக் குடுக்கப்படாது எண்டு சட்டம். பதினாறு வருசத்தில ஒருக்காவும் எனக்கு அந்தப் புத்தி வரல.

யூன் 27, வியாழன்

சம்மாட்டியார் வேலியில, வைசூரி வீடு எண்டு காட்ட, சிவப்புத் துணி கட்டியாச்சு. நான்தான் கட்டினன். ஒழுங்கையில ஒரு சனம் இல்லை, மத்தியானம், நாய் கூட இல்லை. எல்லா வேலிக்குப் பின்னாலயும் ஆக்கள் நிக்கிறாங்க எண்டு தெரியும், ஒரு சத்தம் இல்லை.

அந்தப் பிள்ளையைப் பாக்கிறது ஹாஜறா மட்டும். பக்கத்தில போக அவளால மட்டும்தான் ஏலும் எண்டு தகப்பன் சொல்றார். "ரெண்டு கையிலயும் கட்டினவள்தானே ஐயா." என்னைக் குத்திக்காட்டவெண்டு சொல்லல. அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. ஆனா குத்திட்டுது.

இன்ஸ்பெக்டரிட்டப் போய் உள்ளதைச் சொன்னன். வலது கை, பொய் எழுத்து, எல்லாம். புத்தகத்தைத் திறந்து அந்த வரியைப் பார்த்தார், மூடினார். "பிறகு பாப்பம், இப்ப ஆள் இல்லை" எண்டார். ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

யூலை 2, செவ்வாய்

எட்டாம் நாள் நேத்தோட முடிஞ்சது. போகல.

நாளைக்குப் போக வேணும்.

யூலை 3, புதன்

போனன். படலையோட நிண்டன். உள்ள விடல, சம்மாட்டியார் தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் பார்த்தன். கம்பியில கை இல்லை.

யூலை 5, வெள்ளி

றாபியா மௌத்து. ஜும்ஆவுக்கு முந்தி. ஒருக்கா வைசூரி வந்து தப்பி முகத்தில தழும்பு விழுந்த நாலு ஆம்பிளையள் தூக்கிக்கொண்டு போனாங்க. குளிப்பாட்டினது ஹாஜறாவும், அம்மைத் தழும்புள்ள ஒரு பெம்பிளையும். தாயை அறையில பூட்டி வச்சிருந்தாங்களாம், கதவைத் தட்டின சத்தம் குழி வெட்டின கபுறடி வரை கேட்டதாம். அப்பிடிச் சொல்றாங்க. அவ்வளவு தூரம் கேக்காது. எனக்கும் கேட்டது.

எஸ்தருக்குச் சொன்னன். அவ சோத்தைப் போட்டு முன்னால இருந்தா. நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறன், "போதும், தோல் உரியப்போகுது" எண்டு பிடிச்சு நிப்பாட்டினா.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

இடையில எழுதல. எழுத ஒண்டும் இல்லை. வைசூரி அடங்கிட்டுது. எல்லா ஊருக்கும் திரும்பப் போய் ஒவ்வொரு கைத்தழும்பும் பார்த்துப் புத்தகத்தில கடைசிக் கையெழுத்து வைக்கச் சொல்லி உத்தரவு. பாலமுனைக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டன். இல்லையாம்.

ஹாஜறா ஊசி கட்டப் பழகினா எண்டு ஒரு கதை கேட்டன். அந்தப் பெண்ணுக்கு ஒரு ஊசியும் கொஞ்சம் பாலும் குடுக்க வேணும் எண்டு கந்தோருக்கு எழுதினன், பெம்பிளையளைப் பாக்க. நாலாம் தரம். பாப்பம்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

காத்து விழுந்திட்டுது. கடல் பலகை மாதிரி. பாலமுனையில எல்லாரும் மரியாதை, ஒராள் இளநீர் வெட்டித் தந்தார். இடது கை எண்டு கத்தத் தேவை இருக்கல. எல்லாத் திரையாலயும் இடது கை நேரா வருது.

சம்மாட்டியார் வீட்டுப் படலையைத் திறக்க, பின்பக்கம் அம்மிச் சத்தம். மருதோன்றி வாசம்.

 படலையைப் பிடிச்சபடி நிண்டன். சம்மாட்டியார் வெளியால வந்தார், இளைச்சுப் பாதி ஆளாப் போனார். "அவட உம்மாதான் ஐயா" எண்டார் மெல்ல. "நாப்பதாம் நாளும் ஓதிப் போட்டம். புள்ள மௌத்தானத இன்னும் நம்புறா இல்ல. ஒவ்வொரு நாளும் அரைக்கிறா. புள்ள சாய்ந்தமருதுக்குப் போகோணுமாம். ஹாஜறாட கையில பூசி உட்டாத்தான் சோறு தின்னுவா."

அதே வாங்கு. அதே சீலை, துவைச்சிருந்தது. அம்மிச் சத்தம் நிண்டுது, காலடி கேட்டுது.

சுலைஹா எண்டன். கை வந்தது, தழும்பு நல்லா விழுந்திருக்கு. ஹாஜறா எண்டன். இடது கை, தழும்பு. எழுதினன். புத்தகத்தை மூடினன். அடுத்த வரி றாபியாட பேர், போன மாசம் நானே கோடு இழுத்து வெட்டினது.

"பேர் ஒண்டு விட்டுட்டீங்க ஐயா" எண்டா சுலைஹா உம்மா. நல்ல தெளிந்த குரல். பிழை கண்டுபிடிச்ச சந்தோசம் மாதிரி.

சம்மாட்டியாரைப் பார்த்தன். அவர் சுவரைப் பாக்கிறார்.

"வாசிங்க ஐயா. புள்ள எவ்வளவு நேரமா நிக்கிது."

வாசிச்சன். றாபியா.

திரை அசையல.  ரெண்டு பேரிட மூச்சுத்தான் அங்கால, திரும்பத் திரும்ப எண்ணினன், ரெண்டுதான். வராட்டி என்ன சொல்லுவன் எண்டு யோசிச்சன். வந்தா என்ன செய்வன் எண்டும்.

மற்றப் பக்கத்தால ஒரு கை வந்தது. நகமெல்லாம் மருதோன்றி, இண்டைக்குப் பூசினது, இன்னும் ஈரம். வலது கை. மேல்பக்கம் நான் யூன் மாசம் இட்ட தழும்பு. நடுங்கிக்கொண்டிருந்தது. அண்டைக்கு ஊசி திருப்பேக்க ஒரு துளி அசையாத கை.

இடது கை எங்க எண்டு நான் கேக்கல. பிடிச்சன், துடைச்சன், தழும்பைப் பார்த்தன்.

"எடுத்திருக்கா ஐயா?" எண்டா தாய்.

"ஓம் உம்மா" எண்டன். "நல்லா எடுத்திருக்கு."